துரைசாணி கடையில் பேரம் கிடையாது

நான் இப்போது சொல்லப்போவதை நானே பல வருஷமாக நம்பவில்லை, தம்பி. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இறங்கிய பிறகு, பஸ்ஸில் ஒருத்தர் கதை விட்டுக்கொண்டே வந்தார் என்று வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள். விட்டது நான் இல்லை, பியூலா டீச்சர். நான் கேட்டவன் மட்டும்தான். கேட்டதை நம்பலாமா கூடாதா என்று யோசித்தே எனக்கு முடி போய்விட்டது.

உங்கள் மடியில் இருக்கிற மிக்ஸிப் பெட்டியைப் பார்த்ததும்தான் பேச்சை ஆரம்பித்தேன். புத்தம் புதுசு. கம்பெனி ஒட்டின டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை. கல்யாணம் ஆகி மூன்று மாசம்தானே ஆகிறது என்றீர்கள்? சரி, சரி. பெட்டியைக் கொஞ்சம் உள்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள். குஞ்சப்பனை தாண்டினால் வளைவுகள் ஆரம்பித்துவிடும்.

விஷயம் இதுதான். என் மனைவி ரேணுகா ஆறு வருஷத்துக்கு முன்னால் மெல்போர்னுக்குப் போனாள். மகளுக்குப் பிரசவம். ஆறு மாச விசா. இன்னும் வரவில்லை. முதலில் குழந்தைக்குப் பல் முளைக்கட்டும் என்றாள். அப்புறம் கொரோனா. அப்புறம் இரண்டாவது குழந்தை. இனி வருவாளா மாட்டாளா என்று எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் எங்கள் ஊரில் பழைய சாமான் கடையில் உட்கார்ந்திருக்கிறார். என் குடும்பம் அந்த அம்மாள் சொன்ன ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த வாக்கியத்தைத்தான் நான் நம்பவில்லை.

கோத்தகிரிக்கு மாற்றலாகிப் புதுசாக வருகிறீர்கள். கடையைப் பற்றித் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. மார்க்கெட்டுக்கு மேலே, பழைய சினிமாக் கொட்டகை இருந்த இடத்தில் ஒரு தகரக் கூரைக் கட்டடம். பலகையில் ஏதோ மாதர் சங்கத்தின் பெயர் இருக்கும். யாரும் படித்ததில்லை. ஊருக்கு அது துரைசாணி கடை. எந்தக் காலத்திலோ எஸ்டேட் துரை ஒருவரின் மனைவி ஆரம்பித்தாராம். ஊர்க்காரர்கள் வேண்டாத சாமானைக் கொண்டுவந்து சும்மா கொடுப்பார்கள். கடை அதை விற்று ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கும். நல்ல காரியம். நல்ல காரியம் செய்கிறவர்களிடம் நீங்கள் சாமான் வாங்கிப் பார்த்ததில்லையே? அப்படியானால் உங்களுக்கு இன்னும் உலகம் தெரியாது.

செவ்வாயும் வெள்ளியும் மட்டும் திறப்பார்கள். பத்து மணி என்று போட்டிருக்கும். பத்தே முக்கால் வரைக்கும் கமிட்டி அம்மாள்கள் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு தரம் பிரிப்பார்கள். நாம் வெளியே பனியில் நிற்போம். கதவு திறக்கும்போது கமிட்டி அம்மாள்களின் பைகள் புடைத்திருக்கும். தரமானது அதில் போய்விட்டது. மிச்சம் இருக்கிற தர்மம் நமக்கு.

ஷூ வாங்கலாம் என்று போனால் ஒரு கால்தான் வெளியே இருக்கும். இரண்டையும் வெளியே வைத்தால் திருடிவிடுவார்களாம். இன்னொரு கால் பீரோவுக்குள். பீரோச் சாவி கமிட்டித் தலைவியிடம். தலைவி குன்னூரில் பேத்தியின் பிறந்தநாளில் இருப்பார். ஒரு காலைப் போட்டுப் பார்த்துவிட்டு, மற்றக் காலுக்கும் இதே அளவுதான் இருக்கும் என்று நம்பிப் பணம் கட்டவேண்டும்.

கரண்ட் சாமான் எதையும் அங்கே போட்டுப் பார்க்கக் கூடாது. "கரண்ட் பில்லு யாரு கட்டறது?" என்பார் கடையைப் பார்த்துக்கொள்கிற பியூலா டீச்சர். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தால் அது வேலை செய்யாது. திரும்ப எடுத்துக்கொள்வார்களா என்றால் மாட்டார்கள். "விருப்பப்பட்டா நன்கொடையாக் குடுத்துட்டுப் போங்க சார்." நான் ஒரே இஸ்திரிப் பெட்டியை இரண்டு தடவை வாங்கியிருக்கிறேன். இரண்டாம் தடவை விலை ஏறியிருந்தது. கேட்டதற்கு, "ஒயரு மாத்தியிருக்கு" என்றார். ஒயர் மாற்றியது நான்தான். சொன்னேன். "அப்ப உங்களுக்கே தெரியும், நல்ல ஒயருன்னு" என்றார்.

பேரம் பேச முடியாது. சுவரிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள்: 'பேரம் பேசாதீர், இது தர்மம்.' மூடி இல்லாத ஃப்ளாஸ்க்குக்கும், ஒரு விரல் கிழிந்த கையுறைக்கும், பாதிப் படம் தொலைந்துபோன அட்டை விளையாட்டுக்கும் அதே தர்மம்.

இவ்வளவு திட்டுகிறவன் எதற்காக அங்கே போனான் என்று கேட்கிறீர்கள். வாயால் கேட்கவில்லை, முகம் கேட்கிறது. கொள்கை, தம்பி. தேயிலை ஃபாக்டரியில் மேற்பார்வை வேலை பார்த்தவன் நான். தினமும் நூறு பேர் நல்ல பொருளை வீணாக்குவதைப் பார்த்தவன். ஒருத்தர் உபயோகித்த பிறகும் உடையாமல் இருக்கிற பொருள், பரீட்சை எழுதிப் பாஸானது. புதுசு என்பது இன்னும் பரீட்சையே எழுதாத பிள்ளை. அதை நம்பி வீட்டுக்குள் விடுவதா? கல்யாணம் ஆனதிலிருந்து கட்டில், பீரோ, டம்ளர், திரைச்சீலை எல்லாமே துரைசாணி கடையில்தான் வாங்கினேன். இது கஞ்சத்தனமா என்று நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. நன்றாக யோசித்து, இல்லை என்றே ஒவ்வொரு தடவையும் முடிவுக்கு வந்திருக்கிறேன்.

ரேணுகா எதுவும் சொல்லமாட்டாள். அவளுக்கு ஒரே ஒரு கேள்வி. நான் எதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாலும் தொடாமல் நின்றுகொண்டு கேட்பாள்.

"யாரோடது?"

"அமெரிக்கா போயிட்டாங்களாம். பையன்கிட்ட."

"இருக்காங்கதானே?"

"நல்லா இருக்காங்களாம்."

அப்புறம்தான் தொடுவாள். நம் ஜனங்களுக்குச் செத்தவர்கள் புழங்கிய சாமான் ஆகாது இல்லையா? அதற்காகவே டீச்சர் ஒவ்வொரு பொருளுக்கும் அதன் சொந்தக்காரர் எந்த நாட்டில் சௌக்கியமாக இருக்கிறார் என்று சொல்லித்தான் கொடுப்பார். திரைச்சீலைக்காரர் நியூஜெர்ஸி. கட்டில்காரர் லண்டன். ஒரு நாள் ரேணுகா டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள்: "எல்லாரும் எங்கெங்கயோ போயிட்டாங்க. நாமதான் இங்க உக்காந்து அவங்க சாமானைத் துடைச்சிட்டு இருக்கோம்." அதில் ஒரு பெருமை இருந்த மாதிரி எனக்குப் பட்டது.

ஒரே ஒரு தடவை அவள் புதுசாக வாங்கினாள். சீட்டுப் பணத்தில் ஒரு பிரஷர் குக்கர். மேட்டுப்பாளையத்தில் போய் வாங்கிவந்து, பெட்டியோடு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். உங்கள் மிக்ஸி மாதிரியேதான். பெட்டியைப் பிரிக்கவே மனசில்லாமல் இரண்டு நாள் வைத்திருந்தாள். பிரிக்காததும் நல்லதாகப் போயிற்று. நான் அதை அப்படியே கொண்டுபோய்க் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, துரைசாணி கடையில் அதே அளவு குக்கரைக் கால் விலைக்கு வாங்கிவந்தேன். மேலே வைக்கிற வெயிட்டு மட்டும் இல்லை. அது வரும் வரைக்கும் சாதாரணப் பாத்திரமாகப் புழங்கலாம். விசில் சத்தம் இல்லாமல் வீடு அமைதியாக இருந்தது. அவளும் அதில்தான் சாதம் வடித்தாள். எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை, தம்பி. அதைப் பொதுவாக எல்லோரும் ஆச்சரியமாகச் சொல்வார்கள்.

சண்டை என்று இல்லை, மகளைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கு ரேணுகாவின் முகம் ஒரு மாதிரி ஆனது உண்டு. துரைசாணி கடையில் எல்லாவற்றுக்கும் அடியில் மஞ்சள் ஸ்டிக்கரில் விலை எழுதி ஒட்டியிருப்பார்கள். உலகத்தில் எந்தப் பசையும் அப்படி ஒட்டாது. மாப்பிள்ளையின் அம்மா ஆசாரமானவர். உதட்டில் படாமல் டம்ளரைத் தூக்கி, அண்ணாந்து காப்பி குடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் டம்ளரின் அடிப்பாகம் தெரிந்தது. 'எட்டு ரூபாய். லேசான நசுங்கல்.' எல்லோரும் காப்பியைக் குடித்து முடித்தார்கள். கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் ரேணுகா வீட்டில் இருந்த அத்தனை பாத்திரத்தையும் கவிழ்த்துப் போட்டுத் தேங்காய் எண்ணெய் தடவி நகத்தால் சுரண்டினாள். அப்புறம் ஸ்டிக்கரால் தொந்தரவே வந்ததில்லை. எண்ணெய்தான் கொஞ்சம் அதிகம் செலவானது.

வளைவு வருகிறது, பிடித்துக்கொள்ளுங்கள். ம். இவன் கொஞ்சம் வேகம்தான்.

பியூலா டீச்சரை நான் ஏன் நம்பவில்லை என்று சொல்லவேண்டும் இல்லையா? ஒரு கோட்டு வாங்கினேன். கறுப்புக் கம்பளிக் கோட்டு. தூக்கிப் பார்த்தபோதே எடை தெரிந்தது. "ராஜரத்தினம்னு ஒரு சாரோடது. கனடா போயிட்டாரு. அங்க இதைவிட பெரிய கோட்டுத் தேவைப்படுமாம்" என்றார் டீச்சர். போட்டுக்கொண்டு தபாலாபீஸ் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மாள் திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தம்பி, கொஞ்சம் கையைத் தூக்குங்க."

தூக்கினேன். அக்குளில் நீல நூலால் ஒரு தையல் இருந்தது. அதை விரலால் தடவினார்.

"கறுப்பு நூல் தீந்துபோச்சு அன்னைக்கு. அவரு அவசரப்படுத்தினாரு."

"ஓ, உங்க வீட்டுக்காரரோடதாம்மா? சார் கனடாவுல சௌக்கியமா?" என்று மரியாதையாகக் கேட்டேன்.

வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அந்த அம்மாள் "சௌக்கியம்" என்று சொல்லிவிட்டு, தபால் தலை வாங்காமலே போய்விட்டார். எனக்குப் பின்னால் இருந்தவர் என் காதில், "அவரு செத்து ஏழு மாசம் ஆச்சுங்க. நான்தான் பந்தல் போட்டேன்" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டீச்சரிடம் போய் நின்றேன்.

"பொய் சொல்லி வித்தீங்களே, டீச்சர்."

"செத்தவங்க கோட்டுன்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா, தர்மலிங்கம் சார்?"

"மாட்டேன்."

"குளிருக்கு நல்லா இருக்கா?"

"இருக்கு."

"அப்புறம் என்ன சார். தள்ளி நில்லுங்க, பின்னாடி ஆள் நிக்கறாங்க."

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. துரைசாணி கடை வழியாக வெளிநாடு போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. நியூஜெர்ஸிக்காரர், லண்டன்காரர், எல்லோருமே. நான் தூங்குகிற கட்டிலின் சொந்தக்காரர் உட்பட. ரேணுகாவிடம் இதைச் சொல்லவில்லை. மனசு சங்கடப்படுவாள் என்றுதான். அதற்கப்புறமும் எதையாவது கொண்டுவந்தால் அவள் கேட்பாள், நான் "துபாய்" என்பேன். அதில் என் பொய் எதுவும் கிடையாது. டீச்சர் சொன்னதை மாற்றாமல் சொன்னேன், அவ்வளவுதான்.

இப்போது அவள் ஊருக்குப் போன கதைக்கு வருகிறேன். போய் ஒரு மாசம் இருக்கும். வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். மேல் தட்டில் ஒரு மேஜை விளக்கு. பச்சைக் கண்ணாடிக் குடை, பித்தளைக் கால். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் அதே விளக்கு ஒன்று உண்டு. அச்சு அசல் அதே மாதிரி. ஜோடியாக வைத்தால் எவ்வளவு அழகாக இருக்கும்! ரேணுகா வந்து பார்த்தால் அசந்துபோவாள். கமிட்டி அம்மாள் கண்ணில் படுவதற்குள் வாங்கி, கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். ஜோடிக்கு வைக்கலாம் என்று மூலையைப் பார்த்தால், அங்கே விளக்கு இல்லை.

நின்று யோசித்தேன். அப்புறம் மற்ற இடங்களைப் பார்த்தேன். பிரம்பு மோடா இல்லை. திரைச்சீலை இல்லை. சமையலறை அலமாரியில் இரண்டு டம்ளர், ஒரு தட்டு, அந்தக் குக்கர். பச்சைப் பீரோ நின்ற இடத்தில் சுவர் மட்டும் வெளுப்பாக ஒரு சதுரம். உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மாசமாக அதே வீட்டில் இருந்தேனே, எப்படித் தெரியாமல் போனது? நானும் அதைக் கேட்டுக்கொண்டேன். பெண்பிள்ளை இல்லாத வீடு கொஞ்சம் காலியாகத்தான் தெரியும் என்று நினைத்துவிட்டேன். எதிரொலிகூடக் கேட்டது. அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை, கதவு திறக்கும் முன்னாலேயே போய்த் தட்டினேன். பியூலா டீச்சர் சொன்னது இதுதான். இதுதான் நான் சொன்ன அந்த வாக்கியம்.

"ரேணுகாம்மாதான் குடுத்தாங்க சார். நீங்க ஃபாக்டரிக்குப் போயிருந்தீங்க. பீரோவை ஒரு குட்டி யானை வண்டியில ஏத்திட்டு வந்தாங்க. 'நான் இனி திரும்பி வரமாட்டேன் டீச்சர், மகளோடயே இருந்துடுவேன்'னாங்க. சிரிச்ச முகமாத்தான் குடுத்துட்டுப் போனாங்க."

நம்புவீர்களா இதை? நான் நம்பவில்லை. வரமாட்டேன் என்றாளாம், சரி, ஏதோ பயணப் படபடப்பில் வாய் தவறி வந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிரித்த முகமாக என்றாரே, அங்கேதான் டீச்சர் மாட்டிக்கொண்டார். ரேணுகா சிரிக்கிற ஆள் இல்லை. எங்கள் கல்யாணப் போட்டோவிலேயே சிரித்திருக்கமாட்டாள். இத்தனை வருஷம் கூட இருந்தவன், எனக்குத் தெரியாதா? கோட்டுக்காரரைக் கனடாவுக்கு அனுப்பின அதே வாய்தானே இது என்று நினைத்தேன். ஆனாலும் சாமான் அங்கே இருந்ததே. அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

சாமானையாவது மீட்கலாம் என்று பார்த்தேன்.

"டீச்சர், இதெல்லாம் என் சாமான். நான் வாங்கினது. இதே கடையில வாங்கினது."

"ஆமாங்க சார். எங்களுக்கே ஞாபகம் இருக்கு."

"அப்ப எடுத்துட்டுப் போறேன்."

"தர்மத்துக்கு வந்துடுச்சே சார். விலைக்குத்தான் எடுக்கணும்."

"பாதி விலையாவது..."

டீச்சர் சுவரைக் காட்டினார். 'பேரம் பேசாதீர்.'

நல்ல காரியம் செய்கிறவர்கள், தம்பி. கும்பிட்டுத்தான் ஆகவேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொன்றாக வாங்கி வருகிறேன். மோடாவை வாங்கப் போவதற்குள் ஒரு வாத்தியார் வாங்கிவிட்டார். அவர் வீட்டுக்குப் போய், அவர் குழந்தையை அதிலிருந்து எழுப்பிவிட்டு வாங்கிவந்தேன். திரைச்சீலையை ஒரு பெண் பாவாடையாகத் தைத்துவிட்டாள். பஸ் ஸ்டாண்டில் அதே பூப்போட்ட துணி எனக்கு முன்னால் நடந்து போனது. பின்னாலேயே கொஞ்ச தூரம் போனேன். என்னவென்று கேட்பது? விட்டுவிட்டேன்.

ரேணுகாவிடமே கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பேசுகிறோம். "சாப்ட்டீங்களா?" என்பாள். "சாப்ட்டேன். அங்க குளிரா?" என்பேன். "இங்க இப்ப வெயில்" என்பாள். மோடா கிடைத்த வாரம் நான் சும்மா, பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

"உன் மோடாவுல உக்காந்துதான் பேசறேன்."

அந்தப் பக்கம் குழந்தையை யாரிடமோ கொடுக்கிற சத்தம் கேட்டது.

"அது அங்கயா இருக்கு?"

"பின்ன எங்க இருக்கும்?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

விளக்கைப் பற்றியும் அப்படித்தான் சொன்னேன். டம்ளரைப் பற்றியும். ஒவ்வொரு தடவையும் அவள், "அதுவும் அங்கயா இருக்கு?" என்று கேட்டாள். ஞாபகம் வந்து வருத்தப்படுகிறாள் போல. நேராகக் கேட்டால் பதில் வந்துவிடும், தம்பி. டீச்சர் சொன்னது பொய் என்று நான் நம்பிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவள் அங்கே பேரக்குழந்தை பார்க்கப் போயிருக்கிறாள், அவ்வளவுதான். இது எனக்கும் தெரிகிறது. தெரியாதவன் மாதிரி இருக்கிறேன் என்பதும் தெரிகிறது.

பீரோ ஒன்றுதான் பாக்கி. அதை வாங்கினவர் பங்கஜம் சிஸ்டர். கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிடையரானவர். போன வாரம்தான் வீட்டைக் கண்டுபிடித்துப் போனேன். என்னை அவருக்குத் தெரியாது.

"யாருங்க?"

"பீரோ விஷயமா வந்தேன்."

"ரிப்பேரா? நான் யாரையும் கூப்பிடலையே."

"இல்லைம்மா. துரைசாணி கடையில வாங்கினீங்களே, பச்சைப் பீரோ, அதை எனக்கு விலைக்குத் தருவீங்களான்னு..."

"அதைக் கேக்காதீங்க. ராசியான பீரோ. அது வந்தப்புறம்தான் என் பொண்ணுக்கு வரன் அமைஞ்சுது. நல்ல குடும்பத்து சாமான்ங்க. அந்த வீட்டு ஐயா ஆஸ்திரேலியா போயிட்டாராம். நல்ல மனுஷனாம்."

"ஐயாவா? அந்தம்மாதானே போனாங்க?"

"இல்லீங்க, ஐயாதான். டீச்சர் சொல்லித்தானே குடுத்தாங்க. நான் கேட்டுத்தான் வாங்கினேன். எனக்கு அதெல்லாம் பாக்கணும்." அப்புறம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏங்க, உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்றார்.

"கொஞ்சம் பழக்கம்" என்றேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், அது பொய் இல்லை.

"எப்படி இருக்காராம் அங்க?"

"சௌக்கியம்" என்றேன். தபாலாபீஸில் அந்த அம்மாள் சொன்ன அதே வார்த்தை. அதைச் சொல்லும்போது வாயில் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பீரோவின் கண்ணாடி வாசலிலிருந்தே தெரிந்தது. அதில் நான் நின்றுகொண்டிருந்தேன். சிஸ்டர் கதவைச் சாத்தினார்.

வெள்ளிக்கிழமை கடை. டீச்சர் மேஜையில் ஸ்டிக்கர் எழுதிக்கொண்டிருந்தார்.

"நான் ஆஸ்திரேலியா போயிட்டேனாமே, டீச்சர்?"

நிமிரக்கூட இல்லை. "பங்கஜம் சிஸ்டரைப் பாத்தீங்களா?"

"உயிரோட இருக்கிறவனை இப்படி அனுப்பி வைக்கலாமா? வாராவாரம் உங்க முன்னாடி வந்து நிக்கறேன். உங்க கையால சில்லறை வாங்கறேன். எனக்கே..."

"உக்காருங்க சார். அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். அது விக்கறதுக்கு."

நான் நின்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நான் எதையும் சொந்தமாச் சொல்றதில்ல சார். எனக்கு அவ்வளவு கற்பனையும் கிடையாது. சாமான் குடுக்க வர்றவங்ககிட்ட ஒண்ணு கேப்பேன். 'வாங்கறவங்க யாரோடதுன்னு கேட்டா என்ன சொல்லட்டும்?' அவங்க என்ன சொல்லச் சொல்றாங்களோ, அதைத்தான் சொல்வேன். துரைசாணி காலத்துல இருந்தே இங்க அப்படித்தான்."

"அப்ப ராஜரத்தினம் சார்?"

"அவரு வீட்டம்மாதான் கனடான்னாங்க. அவருக்கு ஒரு தடவை போகணும்னு ஆசையாம். கடைசி வரைக்கும் நடக்கலையாம். அப்படியே சொல்லிடுங்க டீச்சர்னாங்க."

ஒரு பெண் ஃப்ளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "இதுக்கு மூடி இல்லீங்களா?"

"வெள்ளிக்கிழமை வரும்மா."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானுங்க."

"அப்ப அடுத்த வெள்ளி."

அவள் போகும் வரைக்கும் காத்திருந்தேன். ஆறு வருஷமாக இந்த மேஜைக்கு முன்னால் ஒன்றைக் கேட்க வந்து, கேட்காமல் ஒரு டம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பியிருக்கிறேன். ரேணுகா நிஜமாகவே வரமாட்டேன் என்றாளா என்பதுதான் நான் கேட்க நினைத்தது. ஆனால் அந்த நிமிஷம் அதைக் கேட்கவேண்டும் என்றே தோன்றவில்லை.

"ரேணுகாகிட்டயும் கேட்டீங்களா? என்ன சொல்லட்டும்னு?"

"எல்லார்கிட்டயும்தான் கேப்பேன் சார்."

"சாமானெல்லாம் யாரோடதுன்னு சொல்லச் சொன்னா?"

"உங்களோடதுன்னுதான். நீங்க வாங்கினதுதானே சார்?"

ஆமாம், நான் வாங்கினதுதான். அதில் மறுப்பதற்கு என்ன இருக்கிறது? டீச்சர் மறுபடி பேனாவை எடுத்தார். நான் போய்விடலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினேன். ஆனாலும் கேட்டுவிட்டேன், தம்பி. அத்தனை பேர் நிற்கிற கடையில், சத்தமாகவே கேட்டுவிட்டேன்:

"டீச்சர், 'அவரு போயிட்டாருன்னு சொல்லிடுங்க'ன்னு சொன்னாளே, அப்பவா அவ சிரிச்சா?"